கெய்ர்ன்ஸ் முதல் மேக்னெட்டிக் தீவு வரை: முதுகுப்பையோடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வடகிழக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையில், ஆகஸ்ட் செப்டம்பர் மாதங்களில் நானும் தம்பியும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஆறு வாரம் திரிந்தோம். வடக்கே கேப் டிரிபுலேஷன், தெற்கே டவுன்ஸ்வில் நகருக்கு எதிரிலுள்ள மேக்னெட்டிக் தீவு. அதுதான் எங்கள் எல்லை. திரும்பி வந்த நாள் முதல், அந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஆகுமே என்று உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் விலங்குகளைப் பற்றிய கேள்விகள்தான், அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் எவ்வளவோ கரை இருக்க, இந்தக் கரை எதற்கு?

மழைக்காடு நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம் இது. கேப் டிரிபுலேஷனில் மரத்தின் வேர் மணலில் இருக்கும், நிழல் அலையில் விழும், அந்த அலைக்கு அப்பால் பவளத்திட்டு. கிரேட் பேரியர் ரீஃப் 1981-லும், குயின்ஸ்லாந்தின் ஈர வெப்பமண்டலக் காடுகள் 1988-லும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்த இரண்டும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

கேப் டிரிபுலேஷன் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1770 ஜூனில் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் இந்தப் பக்கத்துப் பவளத்திட்டில் மோதியது. தன் துன்பமெல்லாம் தொடங்கிய முனை இது என்று, துன்பம் என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கு வாழ்கிற கிழக்கு குக்கு யலான்ஜி மக்களுக்கு அது குல்கி. 2021-இல் டெயின்ட்ரீ தேசியப் பூங்கா உள்ளிட்ட 1,60,000 ஹெக்டேருக்கும் மேலான நிலம் அவர்கள் பெயருக்கே திரும்பியது. மோஸ்மன் பள்ளத்தாக்கில் அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் நடை உண்டு. முதல் நாளே அதற்குப் போய்விடுங்கள். எந்த இலையைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த ஓடையில் இறங்கலாம் என்று அந்த மண்ணைச் சேர்ந்தவர் வாயால் கேட்டுக்கொண்டு நடப்பதற்கு எந்த வழிகாட்டிப் புத்தகமும் ஈடாகாது.

தூரமெல்லாம் எப்படி?

கெய்ர்ன்ஸை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே கேப் டிரிபுலேஷன் சுமார் 140 கிலோமீட்டர், தெற்கே மிஷன் பீச்சும் ஏறக்குறைய அதே தூரம், டவுன்ஸ்வில் சுமார் 350. டவுன்ஸ்வில்லிலிருந்து மேக்னெட்டிக் தீவுக்கு அரை மணிக்கும் குறைவான படகுப் பயணம். பிரிஸ்பேனிலிருந்து ரயிலில் வந்தால் 1,681 கிலோமீட்டர், ஒரு முழு நாள் ஆகும். கரை நெடுக நீண்டதூரப் பேருந்து ஓடுகிறது. டெயின்ட்ரீ ஆற்றுக்கு மட்டும் பாலம் கிடையாது, கம்பிவடத்தில் இழுபடும் மிதவைப் படகில்தான் வண்டியோடு அக்கரை போக வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் அக்டோபர் வரை. அதன் பிறகு மழை. சாலை துண்டிக்கப்படும், கடலில் சொறிகள் (ஜெல்லிமீன்கள்) வரும், புயல் பயமும் உண்டு. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் கொண்டுவந்த வெள்ளம் டெயின்ட்ரீ பக்கத்துச் சாலைகளை மலைச்சரிவோடு பிய்த்துக்கொண்டு போனது. பசுமையின் உச்சம் மழைக்காலத்தில்தான் என்பது உண்மைதான். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஊறுகாய், பொடி, கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?

எதுவானாலும் விமானத்தில் தரும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டுத் தருவார்கள், ஆகாததென்றால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். எங்கள் பருப்புப்பொடி திரும்பக் கிடைத்தது, கறிவேப்பிலை போயிற்று. செருப்பு, ஷூ அடியில் ஒட்டிய மண்ணையும் பார்க்கிறார்கள். அதை வீண் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். மிஷன் பீச்சுக்குப் பக்கத்து டல்லி, வாழையை நம்பி வாழ்கிற ஊர். 2015-இல் பனாமா வாடல் நோயின் கொடிய வகை அங்கே ஒரு தோட்டத்தில் தென்பட்டது. மண்ணோடு பரவுகிற நோய் அது. நம் ஊரிலும் வாழை வைத்தவர்களுக்கு வாடல் நோய் என்றால் என்னவென்று தெரியும். ஷூவை வீட்டிலேயே பிரஷ் போட்டுக் கழுவி எடுத்துப் போங்கள்.

முதலை உண்மையிலேயே கடற்கரைக்கு வருமா? அம்மா விடமாட்டேன் என்கிறார்.

வரும். அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டாம். அங்கே இருப்பது உவர்நீர் முதலை, உள்ளூர்க்காரர்கள் சால்ட்டி என்பார்கள். பெயரில் உவர்நீர் இருந்தாலும் ஆறு, கழிமுகம், நன்னீர்க் குட்டை, கடற்கரை எல்லாவற்றிலும் இருக்கும். வளர்ந்த ஆண் ஐந்து மீட்டரைத் தாண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தோலுக்காகச் சுட்டுச் சுட்டு ஏறக்குறைய ஒழித்தேவிட்டார்கள். 1974-இல் குயின்ஸ்லாந்து அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் மெல்ல மீண்டு வந்திருக்கிறது.

சால்ட்டி துரத்திப் பிடிக்கிற பிராணி இல்லை. அது பார்த்துக்கொண்டு கிடக்கும். ஒரே இடத்தில் தினமும் காலையில் பாத்திரம் கழுவ இறங்குகிறவர், ஒரே பாறையில் நின்று மீன் பிடிக்கிறவர் என்று பழக்கத்தைக் கவனிக்கும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று ஆகாது. முழங்கால் ஆழக் கலங்கல் தண்ணீரே அது மறைந்திருக்கப் போதும். 2016 மே மாதம், டெயின்ட்ரீ பகுதியின் தார்ன்டன் கடற்கரையில் இரவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய ஒரு பெண்ணை முதலை இழுத்துப் போனது. பகலில் அந்தக் கரையில் நின்றால் அப்படி நடந்திருக்கும் என்று நம்பவே முடியாது. அவ்வளவு அமைதியான, அழகான கரை.

ஆற்றிலும் கழிமுகத்திலும் இறங்கக்கூடாது. தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கூடாரம் போட்டால் தண்ணீரிலிருந்து 50 மீட்டர் தள்ளி, ஓதம் ஏறும் கோட்டுக்கு இரண்டு மீட்டர் உயரத்தில். மீன் கழிவு, சாப்பாட்டு மிச்சம் எதையும் கரையில் போடக்கூடாது. அந்தி சாய்ந்த பிறகு நீரோரமே வேண்டாம். மஞ்சள் பலகையில் வாயைப் பிளந்த முதலைப் படத்தோடு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எச்சரிக்கை எழுதியிருக்கும். பலகை இல்லாத இடத்துக்கும் இதே விதிதான்.

பார்க்க ஆசையாக இருந்தால் டெயின்ட்ரீ ஆற்றில் படகில் கூட்டிப் போவார்கள். ஓதம் இறங்கிய நேரம் பார்த்துப் போங்கள், வெயில் காயச் சேற்றுக்கரை ஏறிக் கிடக்கும். நாங்கள் பார்த்தது ஒரு பெண் முதலை. வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் அசையவில்லை. படகோட்டி எஞ்சினை நிறுத்தியதும் யாரும் பேசவில்லை. சேறு காய்ந்து அதன் முதுகில் வெடிப்பு விட்டிருந்தது வரை தெரிந்தது. தம்பி பின்னால் சாய்ந்து உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன், நானும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போ குளிக்கவே முடியாதா?

முடியும். கெய்ர்ன்ஸ் கடலோரச் சாலையில் பெரிய உப்புநீர்க் குளம் கட்டி வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. மலையிலிருந்து பாறை மேல் குதித்து வரும் தெளிந்த ஓடைகளில் குளிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். "அவங்க குளிக்கிறாங்களே" என்று இன்னொரு பயணியைப் பார்த்து இறங்காதீர்கள். அவரும் உங்களைப் போல நேற்று வந்தவராகத்தான் இருப்பார்.

கடலில் சொறி அவ்வளவு ஆபத்தா? நம் கடலிலும் சொறி இருக்கிறதே.

நம் கரையில் பட்டு அரித்து, தடித்து, இரண்டு நாளில் போகிற சொறியை மனதில் வைத்து அங்கே இறங்காதீர்கள். நவம்பர் முதல் மே வரை அங்கே இரண்டு வகை வரும்.

ஒன்று பெட்டிச் சொறி. குடை நாலு மூலையுள்ள பெட்டி மாதிரி, மூலைக்குப் பதினைந்து வரை விழுதுகள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் வரை நீளும். அதிகம் பட்டால் சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். 1955-இல் கார்ட்வெல் கரையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கெய்ர்ன்ஸ் மருத்துவர் ஹியூகோ ஃப்ளெக்கர் அந்தக் கடலை வலை போட்டு அரிக்கச் சொன்னதில் அகப்பட்டதுதான் இது. பிறகு அதற்கு வைத்த அறிவியல் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது.

மற்றது இருகாஞ்ஜி. குடை விரல்நகம் அளவுதான். பட்டபோது பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை மணி நேரத்தில் முதுகு வலி, தசைப்பிடிப்பு, வாந்தி, எகிறும் ரத்த அழுத்தம், சாகப்போகிறோம் என்ற நடுக்கம். எதனால் இது வருகிறது என்று வெகுநாள் யாருக்கும் புரியவில்லை. 1961-இல் ஜாக் பார்ன்ஸ் என்ற கெய்ர்ன்ஸ் மருத்துவர் ஒரு குட்டிச் சொறியைப் பிடித்துத் தன் மேலும், தன் ஒன்பது வயது மகன் மேலும், கடற்கரைக் காவலர் ஒருவர் மேலும் கொட்டவிட்டுப் பார்த்தார். மூவரும் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், காரணமும் கையில் கிடைத்தது. மகனை அதில் சேர்த்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் இன்று அங்கே காப்பாற்றப்படுகிற ஒவ்வொருவருக்கும் அந்த நாளோடு தொடர்பு இருக்கிறது.

கடற்கரையில் கம்பத்தில் கட்டிய பாட்டிலில் வினிகர் வைத்திருப்பார்கள். கொட்டுப்பட்டால் உடனே அவசர உதவி எண் 000-க்கு அழைத்து, பட்ட இடத்தில் அரை நிமிடமாவது வினிகரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். இன்னும் வெடிக்காத கொட்டு நுண்ணறைகளை அது செயலிழக்கச் செய்யும். வலி குறையாது, விஷம் மேலும் ஏறாமல் நிற்கும். நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. மணல் போட்டுத் தேய்க்கவே கூடாது. கடலோரம் வளர்ந்தவர்களுக்குக் கை தானாக மணலுக்குப் போகும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, ஆள் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும்.

பருவத்தில் சில கரைகளில் வலை கட்டி நீச்சல் பரப்பு அமைப்பார்கள். அது பெட்டிச் சொறியைத் தடுக்கும், இருகாஞ்ஜி கண்ணி வழியே நுழைந்துவிடும். அதனால் உடம்பு முழுக்க மூடும் மெல்லிய லைக்ரா உடை போட்டுக்கொள்ளுங்கள், படகுக்காரர்களே தருவார்கள். பருவம் இல்லாத மாதத்திலும் நாங்கள் போட்டுக்கொண்டுதான் பவளத்திட்டில் இறங்கினோம். வெயிலில் முதுகு வேகாமல் தப்பியதும் அதனால்தான்.

காசோவரியைப் பார்த்தீர்களா? ஆளைக் கொல்லும் பறவை என்கிறார்களே.

பார்த்தோம். அந்த ஆறு வாரத்தில் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

மிஷன் பீச்சுக்கு உள்ளே விசிறிப்பனைக் காடு ஒன்று இருக்கிறது. மேலே பார்த்தால் பச்சைக் குடைகளாக விரித்து வைத்தது மாதிரி ஓலை, வெளிச்சம் பச்சையாகவே கீழே இறங்கும். காலை ஏழு மணி. முதலில் பார்த்தது எச்சத்தைத்தான். தட்டு அளவு குவியல், ஊதா நிறம், முழுக்க முழுக்கக் கொட்டை. சிலது முளையே விட்டிருந்தது. குனிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது தம்பி என் தோளைத் தொட்டான். பேசவில்லை.

பாதைக்கு நடுவே, பஸ் நீளம் தள்ளி நின்றது. உயரம் என் தோளுக்கு மேல். கரிய மயிர் மாதிரி தொங்கும் இறகு, கழுத்து மயில்நீலம், அதில் சிவப்பாக இரண்டு தாடி, தலையில் கொம்புக் கிரீடம். பின்னால் மூன்று குஞ்சுகள், பழுப்பில் வெண்கோடு போட்ட அணில் நிறம். அது அப்பா. காசோவரியில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் ஐம்பது நாள் போல அடைகாத்து, ஒன்பது மாதம் வரை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். குஞ்சோடு இருக்கும் அப்பாவிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டோம். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தோம். நாம் ஓடக்கூடாது, அது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உட்கால்விரலில் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை குத்துவாள் நகம். எதிரே இருப்பதைக் கால் தூக்கி உதைக்கும், அதற்குத்தான் பை. அது ஒரு முறை தலையைத் தாழ்த்தி உறுமியது. காதில் கேட்டது என்பதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது என்பதே சரி. குஞ்சுகள் ஓலைக்கு அடியில் நுழைந்தன. அதுவும் பின்னால் நுழைந்தது. ஓலை ஆடி நின்றது. அவ்வளவுதான்.

கொல்லுமா என்றால், ஆஸ்திரேலியாவில் காசோவரியால் ஒருவர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது 1926-இல். தடியோடு அதை அடிக்கப் போன பதினாறு வயதுப் பையன். குயின்ஸ்லாந்தில் நடந்த தாக்குதல்களை ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மனிதர்கள் மேல் நடந்த 150 தாக்குதல்களில் முக்கால்வாசி, முன்பு யாரோ தீனி போட்டுப் பழக்கிய பறவைகள் செய்தவை என்றது. வாழைப்பழம் கொடுத்த கையைத் தேடி அடுத்த ஆளிடமும் வரும், கொடுக்காவிட்டால் உதைக்கும். சாலையோரம் நின்று காருக்காகக் காத்திருக்கும், கார் அடித்துச் சாகும். தீனி போட்ட காசோவரி செத்த காசோவரி என்று அங்கே சொல்வார்கள். காட்டில் மிஞ்சியிருப்பவை சில ஆயிரம்தான்.

அது இல்லாவிட்டால் காட்டுக்கு என்ன ஆகிவிடும்?

பெரிய கொட்டையுள்ள பழங்களை முழுசாக விழுங்கி, தூரத்தில் கொண்டுபோய்ப் போட வேறு ஆள் அந்தக் காட்டில் அநேகமாக இல்லை. காசோவரி பிளம் என்று ஒன்று, நம் காயலோரக் காட்டரளியின் இனம், கொட்டையில் விஷம். காசோவரிக்கு ஒன்றும் செய்வதில்லை. பழம் வேகமாகக் குடலைக் கடந்து, கொட்டை உடையாமல் வெளியே வந்துவிடும். டெயின்ட்ரீயில் மட்டும் வளரும் ரைபரோசா மரத்தின் விதைகளைச் சோதித்தபோது, பறவையின் வயிற்றுக்குள் போய் வந்ததில் நூற்றுக்கு 92 முளைத்தது, போகாததில் 4. இதைப் படித்த பிறகு அந்த ஊதாக் குவியலை நினைத்துப் பார்த்தேன். எண்ணி முடிக்காமல் வந்துவிட்டோமே என்று இருந்தது.

வாலபி குட்டியாகத்தானே இருக்கும், ஒரு துண்டு ரொட்டி கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். மேக்னெட்டிக் தீவில் ஜெஃப்ரி விரிகுடாப் பாறைகளில் சாயங்காலம் கங்காருவின் சின்ன உறவான பாறை வாலபிகள் வரும், முழங்கால் உயரம், கையைப் பார்க்கும். ஆட்கள் கேரட், ரொட்டி நீட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ரொட்டியால் அவற்றின் தாடையில் புண் வந்து, சாப்பிட முடியாமல் போவதுண்டு. வெறுங்கையோடு பத்தடி தள்ளிப் பாறையில் உட்காருங்கள். வயிற்றுப் பையிலிருந்து குட்டி தலையை நீட்டுவதை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

ராத்திரி குழந்தை அழுகிற சத்தம் கேட்கும் என்கிறார்களே?

கேட்கும். மேக்னெட்டிக் தீவில் முதல் ராத்திரி தம்பி எழுந்து விளக்கைப் போட்டுவிட்டான். யாரோ ஒரு பெண் தூரத்தில் ஓலமிடுகிற மாதிரி ஆரம்பித்து, ஒன்றுக்கு ஒன்று ஏறி, நாலைந்து குரலாகச் சேர்ந்து உச்சத்துக்குப் போய் அப்படியே அடங்கும். நம் ஊர்க் கண்கிலேடிப் பறவையின் உறவு அது. நீண்ட கால், பெரிய மஞ்சள் கண், உலர்ந்த சருகு நிறம். காலையில் பார்த்தால் தங்கும் விடுதியின் துணிக்கொடிக்குக் கீழே இரண்டு நின்றன. நாம் பக்கத்தில் போனால் பறக்காது, கட்டை மாதிரி உறைந்து நிற்கும், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில். அப்போது வழியை மாற்றி நடந்துவிடுங்கள். பக்கத்தில் தரையிலேயே முட்டை இருக்கலாம்.

பாம்பு, சிலந்தி?

பயப்படுகிற அளவுக்கு எதிரே வராது. ஆறு வாரத்தில் ஒரே ஒரு பாம்பு, அதுவும் விஷமில்லாத மலைப்பாம்பு, ராத்திரி சாலையைக் கடந்தது. ஆனால் டைபான் என்ற கொடிய விஷப்பாம்பு அந்தக் கரையில் உண்டு. கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், அகலமான அழுத்துக் கட்டுத்துணி இரண்டு சுருள் பையில் வையுங்கள். கடித்தால் கழுவக்கூடாது, கீறக்கூடாது. கையோ காலோ முழுவதும் இறுக்கிச் சுற்றி, கம்பு வைத்துக் கட்டி, ஆள் அசையாமல் கிடக்க வேண்டும். உதவி அவரைத் தேடி வர வேண்டும், அவர் நடந்து போகக்கூடாது.

காட்டில் எந்தச் செடியைத் தொடக்கூடாது?

ஜிம்பி ஜிம்பி. இதய வடிவ இலை, மேலே மென்மையான பூமுடி மாதிரி தெரியும், தடவிப் பார்க்கத் தோன்றும். அந்த முடி ஒவ்வொன்றும் கண்ணாடி ஊசி. நம் காஞ்சொறி ஒரு மணி நேரம் படுத்தும் என்றால் இது மாதக்கணக்கில் படுத்தும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே வலி திரும்பும் என்பார்கள். இதன் விஷம் சிலந்தி விஷத்தை ஒத்தது என்று குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் கண்டுபிடித்தார்கள். வெளிச்சம் விழும் இடத்தில், அதாவது பாதையோரத்திலும் மரம் விழுந்த திறப்பிலும்தான் முளைக்கும். அதனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

இன்னொன்று ஒரு பிரம்புக்கொடி. கொக்கி முள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறு என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர். இழுத்தால் கிழியும், நின்று பின்வாங்கினால் விடும்.

பச்சை எறும்பைச் சாப்பிட்டீர்களாமே?

ஆமாம். முசுறுதான் அது! இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகிற நம் மாமரத்து முசுறு. அதே இனம், அங்கே பின்பக்கம் மட்டும் பச்சை. மோஸ்மனில் எங்களைக் கூட்டிப்போன யலான்ஜிப் பெரியவர், சளிக்கும் இருமலுக்கும் அவர்கள் வீட்டில் இதைத்தான் கசக்கி முகர்வார்கள் என்றார். பின்பக்கத்தை நாக்கில் தொட்டேன், எலுமிச்சை. எங்கள் ஊரில் மாமரம் ஏறிக் கடி வாங்கிய கதையை நான் சொல்ல, அவர் தன் கதையைச் சொன்னார். அந்தப் பயணத்தில் ஒருவரோடு அவ்வளவு சுலபமாகப் பேசியது அன்றுதான்.

வௌவால்கள்?

அந்தியில் கெய்ர்ன்ஸ் வானம் நிறையப் பழந்தின்னி வௌவால்கள் போகும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டது மாதிரி வெளிர் வளையம் உள்ளவை, ஆஸ்திரேலியாவில் வடக்கு குயின்ஸ்லாந்துக் காடுகளில் மட்டும் இருப்பவை. 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியபோது இரண்டே நாளில் சுமார் 23,000 செத்து விழுந்தன. ஆஸ்திரேலியாவில் இருந்த அந்த இனத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கீழே விழுந்து கிடந்தால் இரக்கப்பட்டுக் கையில் எடுக்காதீர்கள். வெறிநாய்க்கடி நோய்க்கு உறவான ஒரு கிருமி கடியாலும் கீறலாலும் வரும். வனவிலங்கு மீட்புக்காரர்களுக்குச் சொல்லுங்கள், தடுப்பூசி போட்டவர்கள் வந்து எடுப்பார்கள். அவர்கள் வரும்வரை ஆட்களையும் நாயையும் விலக்கி நிற்பதே போதுமான உதவி.

ஹின்சின்புரூக் தீவு நடை போனீர்களா? முதல்முறை போகிறவர்களால் முடியுமா?

போனோம், முடியும், ஆனால் சும்மா போக முடியாது. தார்ஸ்போர்ன் பாதை 32 கிலோமீட்டர், நாலு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் அனுமதி இல்லை, அதனால் மாதங்களுக்கு முன்பே சீட்டு எடுக்க வேண்டும். பாதை மூடியிருக்கும் காலமும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். கடை இல்லை, மாற்றுப் பாதை இல்லை, ஓடைகளைக் காலால் கடக்க வேண்டும், முதலைக்கான விதி அத்தனையும் அங்கும் உண்டு.

ராத்திரி வெள்ளைவால் எலி வரும். நம் பெருச்சாளி அளவு, தேங்காயையே குடைந்துவிடும் பல். முகாம்களில் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள், சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு எல்லாம் அதற்குள் போக வேண்டும். எங்கள் பக்கத்துக் கூடாரக்காரர் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பைக்குள் மறந்துவிட்டார். காலையில் பையில் கை நுழைகிற ஓட்டை. மூன்று நாள் நடை பாக்கி, சணலால் தைத்துக் கொடுத்தோம்.

கோவாலா எங்கே பார்க்கலாம்?

மேக்னெட்டிக் தீவு, ஃபோர்ட்ஸ் நடைபாதை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பீரங்கித் தளத்துக்குப் போகும் வழி, போய்வர இரண்டு மணி நேரம். மரக்கிளை பிரியும் கவட்டையில் சாம்பல் மூட்டை மாதிரி தூங்கும். முன்னால் போகிறவர்கள் சருகிலும் குச்சியிலும் அம்புக்குறி போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நில்லுங்கள், கூப்பிட்டு எழுப்பாதீர்கள்.

சைவச் சாப்பாடு, ஃபோன், கரன்ட்?

விடுதிகளில் பொதுச் சமையலறை உண்டு, அரிசியும் பருப்பும் கெய்ர்ன்ஸிலேயே வாங்கிச் சமைத்துக்கொண்டோம். டெயின்ட்ரீ ஆற்றுக்கு வடக்கே மின்கம்பிப் பிணைப்பே இல்லை, சூரிய ஒளியும் ஜெனரேட்டரும்தான், ஃபோன் சிக்னலும் அநேகமாகக் கிடையாது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

வாத்து மூக்குள்ள அந்த நீர்ப்பிராணி, பிளாட்டிபஸ் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா?

கரையிலிருந்து மேலே ஏற வேண்டும். கெய்ர்ன்ஸிலிருந்து ஒரு மணி நேரம் போல, அதர்ட்டன் மேட்டுநிலத்தில் யுங்கபுரா என்ற சின்ன ஊர், பீட்டர்சன் ஓடை. பொழுது விடிவதற்கு முன்னால் போய் உட்காருங்கள், பேசாதீர்கள், நிழல் தண்ணீரில் விழக்கூடாது. முதலில் தெரிவது குமிழிதான், வரிசையாக, சங்கிலி மாதிரி. அடியில் புழு துழாவிக்கொண்டு நகர்கிறது என்று அர்த்தம். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். குமிழி நின்ற இடத்தைப் பாருங்கள், அங்கேதான் மேலே வரும். வாத்து மூக்கு, நனைந்த பழுப்பு முதுகு, ஒரு உள்ளங்கை அகலம். பத்து நொடி மிதந்து மென்றுவிட்டு, முதுகை வளைத்து மறுபடி முங்கும். நாங்கள் ஏழு தடவை எண்ணினோம், எட்டாவது தடவை எதிர்க்கரையில் எழுந்தது.